அரிட்டாபட்டிக் குன்றும் அடிவாரப் பொட்டலும்: திறந்தவெளிப் பறவைகள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் உள்ள அரிட்டாபட்டியும் அதை ஒட்டிய மீனாட்சிபுரமும் சேர்ந்த ஏறத்தாழ 193 ஹெக்டேர் நிலப்பகுதி, 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டத்தின்கீழ் 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இத்தகுதியைப் பெற்ற முதல் இடம் இதுதான். ஏழு குன்றுகள், சமணர் படுக்கைகள், தமிழ் பிராமிக் கல்வெட்டு, பாறையைக் குடைந்தெடுத்த சிவன் கோயில், சுனைகள், கண்மாய்கள், தேவாங்கு, எறும்புத்தின்னி, சுமார் 250 பறவை இனங்கள் என்று இவ்வூரின் சிறப்புகள் அப்போது பலவாறு எடுத்துரைக்கப்பட்டன. பறவை நோக்குவோர் அவற்றுள் முதலில் சொல்வது லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு ஆகிய மூன்று கொன்றுண்ணிகளைத்தான்.

இம்மூன்றும் குன்றின் பறவைகள் என்றே பேசப்படுகின்றன. செங்குத்தான பாறை விளிம்புகளில் அவை அமர்வதும் கூடு வைப்பதும் கண்ணுக்கு எளிதில் படுவதால் அப்படிச் சொல்வது இயல்பு. ஆனால் பாறையில் இரை விளைவதில்லை. அங்கே தங்கும் பறவை உண்பது, குன்றைச் சுற்றிக் கிடக்கும் புஞ்சைக்காட்டிலும் தரிசிலும் மேய்ச்சல் புறம்போக்கிலும் கண்மாயின் உள்வாயிலும் (நீர் பரவி நிற்கும் உட்பகுதியிலும்)தான். அந்த நிலங்களில் பெரும்பகுதி அறிவிக்கப்பட்ட எல்லைக்கு வெளியே இருக்கிறது. அவற்றை யார் எப்படி நடத்துகிறார்கள் என்பதே குன்றின் பறவைகளுக்கு வாழ்வா சாவா என்ற கேள்வியாகிறது. இந்த ஆய்வு அந்த அடிவார நிலத்தைப் பற்றியது.

லகர் வல்லூறும் அதன் வேட்டைக்களமும்

மூன்றினுள் லகர் வல்லூற்றை எடுத்துக்கொள்வது பொருத்தம். ஷாகீன் வல்லூறு பெரும்பாலும் பறக்கும் பறவைகளை வானிலேயே அடித்துப் பிடிப்பது. பாறையும் வானமும் இருந்தால் அது ஓரளவு சமாளித்துக்கொள்ளும். லகர் வல்லூறு அப்படியன்று. இந்தியத் துணைக்கண்டத்துக்கும் அதை ஒட்டிய சில நாடுகளுக்கும் மட்டுமே உரிய இப்பறவை வறண்ட திறந்தவெளியின் வேட்டைக்காரன். ஓணான், வயலெலி, சிறு பறவைகள், பெரிய பூச்சிகள் ஆகியவற்றைத் தரைக்கு அருகில் விரட்டிப் பிடிக்கும். ஆணும் பெண்ணும் சேர்ந்து வேட்டையாடுவதும் உண்டு. பார்வைக்கு மறைப்பில்லாத குட்டைப்புல் வெளியும் கட்டாந்தரையும் அதற்கு இன்றியமையாதவை. அடர்ந்த புதரில் இரை இருந்தாலும் அது இந்த வல்லூற்றுக்கு எட்டாத இரை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அழிவை நெருங்கக்கூடிய இனமாக அது வைக்கப்பட்டிருக்கிறது. பூச்சிக்கொல்லிகளும், பெரிய வல்லூறுகளைப் பிடிக்க இதைக் கண்ணியில் கட்டிப் பயன்படுத்திய வழக்கமும், வறண்ட நிலங்கள் தீவிர வேளாண்மைக்குப் போனதும் அதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

அதன் ஆண்டுச் சுழற்சி நம் வேளாண் ஆண்டோடு பிணைந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். சனவரி முதல் ஏப்ரல் வரையான மாதங்கள் அது முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கும் காலம். மதுரை வட்டாரத்தில் ஆண்டு மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் விழுகிறது. அம்மழையில் புல் முளைக்கிறது, பூச்சி பெருகுகிறது, விதை முற்றுகிறது. தைப் பொங்கலை ஒட்டி அறுவடை முடிந்து, தாள் நிற்கும் வயலில் ஆடுமாடுகள் இறங்குகின்றன. மறைவு இழந்த எலியும் ஓணானும் சிறு பறவைகளும் வெட்டவெளியில் தெரிகின்றன. குஞ்சுக்கு இரை மிகுதியாக வேண்டிய வாரங்களும் நிலம் திறந்து கிடக்கும் வாரங்களும் இப்படி ஒன்றாக அமைகின்றன. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வலசை வரும் பூனைப்பருந்துகள் தாழப் பறந்து வெட்டுக்கிளிகளையும் வானம்பாடிகளையும் தேடுவதும் இதே வெளிகளில்தான்.

தரையில் முட்டையிடுவோர்

வல்லூறு உணவுச் சங்கிலியின் மேல்முனை. அதற்குக் கீழே, எவரும் அதிகம் பேசாத ஒரு பறவைக் கூட்டம் இருக்கிறது. மதுரை, சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களின் செம்மண் கரடுகளிலும் கரிசல் தரிசுகளிலும் வாழும் சாம்பல்தலை வானம்பாடி, செவ்வால் வானம்பாடி, புதர்வானம்பாடி, வயல் நெட்டைக்காலி, மஞ்சள்மூக்கு ஆள்காட்டி, கண்கிலேடி, கல்குருவி, கௌதாரி, காடை, பக்கி ஆகியவை எல்லாம் தரையில் முட்டையிடுபவை. இவற்றின் வாழ்க்கைமுறை தெரியாமல் நிலத்தில் கைவைத்தால் என்ன நேரும் என்பதை உணர, சிலவற்றையேனும் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

சாம்பல்தலை வானம்பாடி சிட்டுக்குருவியைவிடச் சிறியது. ஆண் பறவை சிறகடித்து நேர்மேலே ஏறி, பிறகு சிறகை மடக்கிச் சரிந்து விழுந்து, தரையைத் தொடும் முன் மீண்டும் எழும்பும்; இணையை ஈர்க்க இதை ஓயாமல் செய்துகொண்டே இருக்கும். மண்கட்டியின் ஓரத்திலோ புல்குத்தின் நிழலிலோ சிறு குழியில் மென்புல் பரப்பி இரண்டு மூன்று முட்டையிடும். புல் முழங்கால் உயரம் வளர்ந்த இடத்தில் அது கூடு வைப்பதில்லை. புல்லே இல்லாமல் தேய்ந்த இடத்திலும் அதற்கு மறைவு கிடைப்பதில்லை. இடையிடையே வெறுந்தரை தெரியும் குட்டைப்புல்தான் அதற்கு வேண்டியது.

புதர்வானம்பாடிக்கு இன்னொரு தேவை உண்டு. அது சிறு புதரின் நுனியிலிருந்தோ கல்லின் மீதிருந்தோ எழும்பிப் பாடியபடி இறங்கும். எனவே ஆவாரை, சூரை போன்ற குட்டைச் செடிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் வெளி அதற்குப் பிடிக்கும். ஒரே பொட்டலில் இந்த இரண்டு வானம்பாடிகளும் வாழ வேண்டுமானால் அந்தப் பொட்டல் முழுவதும் ஒரே சீராக இருக்கக் கூடாது. ஒரு பக்கம் மேய்ந்து தேய்ந்தும், ஒரு பக்கம் புல் நின்றும், ஓரிடத்தில் புதர் எழுந்தும் இருக்க வேண்டும். பூங்காவைப்போல நிலத்தைச் சீராக்க முனைவோர் முதலில் இழப்பது இந்த மேடுபள்ளமான பன்மையைத்தான்.

கல்குருவி மெல்லிய நீண்ட கால்களால் விரைந்து ஓடி, நின்று, குனிந்து பூச்சியைக் கொத்தும் பறவை. வண்டுகளும் கறையான்களும் அதன் முக்கிய உணவு. மார்ச் முதல் ஆகஸ்ட் வரையான காலத்தில், கூடு என்று எதையும் கட்டாமல் வெறுந்தரையில் இரண்டு மூன்று முட்டையிடும். மண்ணின் நிறத்தில் கரும்புள்ளி கலந்த அந்த முட்டைகளைப் பழகிய கண்ணாலும் எளிதில் பிரித்தறிய முடியாது. மஞ்சள்மூக்கு ஆள்காட்டியும் மழைக்கு முந்தைய கோடையில்தான் பெரிதும் முட்டையிடுகிறது. பங்குனி, சித்திரை வெயிலில் தரை கொதிக்கும்போது, அது அருகிலுள்ள நீரில் வயிற்றிறகை நனைத்து வந்து முட்டைகளின்மேல் அமர்ந்து அவற்றைக் குளிர்விக்கிறது. கோடையில் ஒரு கண்மாயின் அடியில் எஞ்சும் சேற்றுக்குட்டை இப்பறவையின் முட்டைகளைக் காப்பாற்றுகிறது என்பது பலரும் எண்ணிப்பாராத உண்மை.

ஆக, நாம் கோடையில் 'சும்மா கிடக்கிறது' என்று நினைக்கும் நிலத்தில்தான், அந்தச் சும்மா கிடக்கும் மாதங்களில்தான், இவற்றின் இனப்பெருக்கம் நடக்கிறது. மண் எடுப்பதும் புதர் அகற்றுவதும் குழி தோண்டுவதும் அதே மாதங்களில் நடக்கின்றன. நிலம் காய்ந்திருக்கும், இயந்திரம் இறங்கும், வேறு வேலை இருக்காது என்பதே அதற்குக் காரணம். யாரும் வேண்டுமென்று பறவையை அழிப்பதில்லை, காலம் மோதுகிறது.

பதிவேட்டில் தரிசு

இந்த நிலங்களுக்கு அரசு ஆவணங்களில் இருக்கும் பெயர்கள் அவற்றின் விதியை ஓரளவு முன்பே தீர்மானித்துவிடுகின்றன. கிராமக் கணக்கில் அவை தீர்வை (நிலவரி) ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, மேய்க்கால் புறம்போக்கு, கல்லாங்குத்து (கற்பாங்கான நிலம்) என்று வருகின்றன. நாட்டளவில் வெளியிடப்படும் தரிசுநில வரைபட ஏட்டில் (அதன் அண்மைப் பதிப்புகளில் ஒன்று 2019இல் வந்தது) புதர் நிலம், பாறை நிலம், சீர்குலைந்த மேய்ச்சல் நிலம் என்ற வகைகளில் அடங்குகின்றன. இப்படி வகைப்படுத்தப்பட்ட நிலம் எதற்காவது 'பயன்படுத்தப்பட' வேண்டிய நிலமாகவே பார்க்கப்படுகிறது. வீட்டடி மனைகளாகவோ, சூரிய மின் நிலையமாகவோ, குவாரியாகவோ, மரம் நடும் திட்டத்துக்கோ முதலில் ஒதுக்கப்படுவது இதுதான். மேலூர் வட்டாரத்தின் கிரானைட் குவாரிகள் எத்தனை குன்றுகளின் உருவத்தை மாற்றின என்பது இப்பகுதியினர் அறிந்ததே. இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் அமைந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்ததும் இத்தகைய வறண்ட வெளியில்தான்.

எம்.டி. மதுசூதன், அபி தமீம் வனக் ஆகிய சூழலியலாளர்கள் இருவரும் செய்மதிப் படங்களைக்கொண்டு இந்தியாவின் வறண்ட பகுதிகளில் உள்ள இயற்கையான திறந்தவெளிச் சூழலமைவுகளை வரைபடமாக்கினர். நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 3 இலட்சம் சதுர கிலோமீட்டர், இவ்வகையைச் சேர்ந்தது என்றும், அதில் 5 விழுக்காட்டுக்கும் குறைவான பகுதியே பாதுகாக்கப்பட்ட பரப்புகளுக்குள் வருகிறது என்றும் அவர்கள் கண்டனர். அரிட்டாபட்டி அடிவாரம் அந்தப் பெரும் படத்தின் ஒரு துளி. 942 பறவை இனங்களை மதிப்பிட்டு 2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கையும், புல்வெளி போன்ற திறந்தவெளிகளை மட்டுமே நம்பி வாழும் இனங்கள் வேகமாகக் குறைந்து வருவதை எடுத்துக்காட்டியது. காடு குறைந்தால் கண்ணுக்குத் தெரிகிறது. பொட்டல் குறைவது தெரிவதில்லை. மாறாக, அங்கே பச்சை வந்துவிட்டது என்று மகிழ்ச்சிகூட ஏற்படுகிறது.

சீமைக் கருவேலமும் அதை அகற்றும் முறையும்

அடிவார நிலத்தின் மிகப் பெரிய மாற்றம் சீமைக் கருவேலத்தால் வந்தது. விறகுக்காகவும் வேலிக்காகவும் பரப்பப்பட்ட இம்மரம், நெற்றைத் தின்னும் ஆடுமாடுகளின் சாணத்தோடு விதை பரவி, மேய்ச்சல் புறம்போக்குகளையும் கண்மாய் உள்வாய்களையும் வரத்துக் கால்வாய்களையும் மூடியது. அதன் நிழலிலும் உதிர்ந்த இலைக்கடியிலும் கொழுக்கட்டைப்புல், ஊசிப்புல் போன்ற உள்ளூர்ப் புற்கள் தாழ்கின்றன. திறந்தவெளி மூடியதும் வானம்பாடியும் கல்குருவியும் வெளியேறுகின்றன. அவ்விடத்தைக் கொண்டைக்குருவி, தவிட்டுக்குருவி, மயில் போன்ற எங்கும் வாழக்கூடியவை நிரப்புகின்றன. பறவைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு எதுவும் குறைந்ததாகவே தோன்றாது. மேலும், உயர்ந்து நிற்கும் ஒவ்வொரு மரமும் காகத்துக்கும் கரும்பருந்துக்கும் அமர்ந்து நோட்டமிடும் இடமாகிறது. சுற்றுவட்டத்தில் தரையில் கிடக்கும் முட்டைக்கும் குஞ்சுக்கும் அதனால் ஆபத்து கூடுகிறது.

எனவே சீமைக் கருவேலத்தை அகற்ற வேண்டும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தென்மாவட்டங்களில் அதை அகற்றுமாறு உத்தரவிட்டபோது ஊர் ஊராக வேலை நடந்ததை இப்பகுதியினர் நினைவில் வைத்திருப்பார்கள். அகற்றுவதைக் காட்டிலும் அகற்றும் முறையும் காலமும் அதன் பின் நிலத்துக்கு நேர்வதும்தான் பறவைகளின் நிலையைத் தீர்மானிக்கின்றன. அடிமரத்தை மட்டும் வெட்டி விட்டால் தூரிலிருந்து பல கிளைகளாகத் துளிர்த்து, முன்பைவிட அடர்ந்த புதராகிவிடுகிறது. வேரோடு பிடுங்குவதற்கு இயந்திரம் தேவைப்படுகிறது. அது இறங்கும் காலம் பங்குனி முதல் ஆனி வரை என்றால் தரைக்கூடுகள் நசுங்குகின்றன. ஆடி இறுதி முதல் வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய புரட்டாசி வரை கிடைக்கும் இடைவெளியே இதற்கு ஏற்றது என்பது என் கருத்து. அப்போது பெரும்பாலான தரைக்கூடுகளின் காலம் முடிந்திருக்கும். கோடைமழையும் ஆவணி இடிமழையும் பெய்து மண் இளகியிருப்பதால் வேர் எளிதாக வரும். பிடுங்கிய இடத்தில் அடுத்து வரும் பெருமழையிலேயே உள்ளூர்ப் புல் முளைக்கும். அந்த மழையோடு சீமைக் கருவேல நாற்றுகளும் முளைக்கும் என்பதால், தை மாசியில் ஒருமுறை கையால் பிடுங்குவதற்கும் முன்கூட்டியே பணம் ஒதுக்கியிருக்க வேண்டும். ஒரே ஆண்டில் முடித்துவிட்டதாகக் கணக்கு எழுதும் பணிகள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீர் நிற்கும் கண்மாய்களின் நடுவில் உள்ள கருவேல மரங்களில் கொக்கும் நாரையும் கூட்டமாகக் கூடு வைப்பதுண்டு. 1980களில் சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தின்கீழ் கண்மாய்களில் நாட்டுக் கருவேலம் நடப்பட்டதால் உருவான தோப்புகளும் இவற்றுள் அடங்கும். நாட்டுக் கருவேலத்தையும் சீமைக் கருவேலத்தையும் பிரித்தறியாமல் ஒரே ஒப்பந்தத்தில் அழிப்பது அந்தப் பறவைகளுக்குச் செய்யும் தீங்கு. உள்வாயின் மேட்டு விளிம்பு திறந்திருக்க வேண்டும், ஆழப்பகுதியின் பழைய மரங்கள் நிற்க வேண்டும் என்று இடத்துக்கு இடம் முடிவெடுப்பதே முறை.

புதர் போன இடத்தில் மரம் நடுவது

சீமைக் கருவேலம் அகற்றப்பட்டு நிலம் வெளிச்சம் கண்ட உடனேயே அடுத்த ஆபத்து தொடங்குகிறது. வெறுமையாகத் தெரியும் நிலத்தில் மரக்கன்று நடலாம் என்று நல்லெண்ணம் கொண்டவர்கள் வருகிறார்கள். மூன்றில் ஒரு பங்கு நிலத்தில் காடோ மரப்போர்வையோ இருக்க வேண்டும் என்று 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை வகுத்த இலக்கும், 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் ஏற்றுக்கொண்ட 33 விழுக்காடு இலக்கும் நடவுக்கு இடம் தேடும் நெருக்கடியை உருவாக்குகின்றன. சாலையோரமும் பள்ளி வளாகமும் வீட்டுக் கொல்லையும் கண்மாய்க் கரையும் இந்த நடவுக்குத் தகுந்தவை. குன்றின் அடிவாரத்துக் கரட்டு நிலம் தகுந்ததன்று. ஆழமில்லாத செம்மண்ணில் குழி தோண்டி, கோடையில் டேங்கர் லாரி வைத்து நீர் ஊற்றி, பாதிக் கன்று பட்டுப்போக, மீதி வளர்ந்தால் அங்கே வல்லூற்றுக்கு வேட்டைக்களம் போய்விடுகிறது. எவ்வளவு அன்போடு நட்டாலும் விளைவு இதுதான். புல்லும் வேர்க்கட்டும் உள்ள மண்ணை அப்படியே விட்டுவைப்பதும் நிலத்தைப் பேணும் செயல்தான் என்பதை நடவு இயக்கங்களில் உழைப்போர் ஏற்றுக்கொண்டால், அவர்களே இப்பறவைகளின் மிகச் சிறந்த காவலர்கள் ஆவார்கள்.

மேய்ச்சல்

வனப்பாதுகாப்பு என்றதும் ஆடுமாடுகளைத் தடுத்துவிட வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இந்த நிலத்தில் அது பிழை. மதுரை, சிவகங்கைப் பகுதிக்கு உரிய புலிக்குளம் மாடுகள் தலைமுறை தலைமுறையாகக் கிடைமாடுகளாக வளர்க்கப்பட்டவை. அறுவடை முடிந்த வயல்களில் இரவில் மந்தையாக அடைத்துக் கிடை போடுவதும், பகலில் கரட்டிலும் தரிசிலும் மேய்ப்பதும் அவற்றின் வாழ்க்கை. ஆட்டுக்கிடை போடும் கீதாரிகளும் இவ்வாறே ஊர்விட்டு ஊர் நகர்கிறார்கள். இப்படி நகரும் மேய்ச்சல் புல்லைக் குட்டையாக வைத்திருக்கிறது, சாணத்தில் வண்டுகள் பெருகுகின்றன, கல்குருவியும் ஆள்காட்டியும் அவற்றை உண்கின்றன. கிடை நகர்ந்துவிட்ட இடத்தில் புல் மீண்டும் தழைக்கிறது. ஒரே வெளியில் பல உயரப் புல் நிற்பதற்கு இந்த நகர்வே காரணம்.

மேய்ச்சல் முற்றிலும் நின்றுபோனால் புல் உயர்ந்து முற்றிக் காய்ந்து, கோடையில் தீப்பிடிக்கும் அளவுக்குச் சேர்கிறது. இடைவெளிகளில் புதர் ஏறுகிறது. எல்லா ஆடுகளும் ஊரை ஒட்டிய ஒரே துண்டு நிலத்தில் ஆண்டு முழுவதும் நின்றாலோ தரை தேய்ந்து, முட்டைகள் மிதிபடுகின்றன. மேய்ச்சல் புறம்போக்குகள் சுருங்கச் சுருங்க நடப்பது இந்த இரண்டாவது நிலைதான். மேய்ப்பவர் மீது குறை சொல்வதற்கு முன், அவர் நகர்வதற்கு இடம் விட்டோமா என்று பார்க்க வேண்டும்.

பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்ற ஏற்பாடு இதற்குத் தடையாக இல்லை. ஊர் மக்கள் தாமாக முடிவு செய்தாலன்றி அவர்களுடைய நடைமுறையில் உள்ள பழக்கங்களுக்குக் கட்டுப்பாடு விதிக்காத வகையிலேயே அதன் வழிகாட்டுதல்கள் அமைந்துள்ளன. வனத்துறை வேலி போட்டு அடைக்கும் சரணாலயத்தை விட, மேய்ச்சலோடு பிறந்த இந்த நிலத்துக்கு இந்த ஏற்பாடே பொருந்துகிறது.

டங்ஸ்டன் ஏலம் வெளிப்படுத்தியது

2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் கனிமச் சுரங்கத் தொகுதிக்கான ஏலம் முடிவானதும் மேலூர்ப் பகுதி கொந்தளித்தது. அத்தொகுதியின் பரப்பு ஏறத்தாழ 2,015 ஹெக்டேர். அரிட்டாபட்டி, வல்லாளப்பட்டி, நாயக்கர்பட்டி, தெற்குத்தெரு, கிடாரிப்பட்டி என்று பல ஊர்களின் நிலம் அதில் அடங்கியது. ஊர்க்கூட்டங்களும் பேரணியும், டிசம்பரில் சட்டப்பேரவைத் தீர்மானமும் தொடர்ந்து வர, 2025 சனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்துசெய்தது.

அந்தப் போராட்டத்தின் வெற்றி பறவைகளுக்கும் கிடைத்த வெற்றி. அதே வேளை, அப்போது நடந்த ஒரு விவாதத்தை இந்த ஆய்வு விட்டுவிட முடியாது. பாரம்பரியத் தலத்தை மட்டும் தொகுதியிலிருந்து நீக்கி, மற்றப் பகுதியில் சுரங்கத்தைத் தொடரலாமா என்ற யோசனை முன்வைக்கப்பட்டது. குன்றைக் காப்பாற்றினால் போதும் என்று நினைப்பவருக்கு அது ஏற்கத்தக்க சமரசமாகத் தோன்றியிருக்கும். லகர் வல்லூற்றின் வாழ்க்கையை அறிந்தவருக்கு அது வீட்டை வைத்துக்கொள், அடுப்பை எடுத்துவிடு என்று சொல்வதற்குச் சமம். ஊர் மக்கள் தங்கள் வயலும் கண்மாயும் கோயிலும் மேய்ச்சலும் ஒன்று என்று சொல்லி அந்த யோசனையை ஏற்க மறுத்தார்கள். சூழலியல் நோக்கிலும் அவர்கள் சொன்னதே சரி.

இனிச் செய்யத்தக்கவை

சுரங்க ஆபத்து நீங்கிய நிலையில் அடிவார நிலத்தின் அன்றாட மேலாண்மையே இனி முக்கியம். ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் ஊரின் உயிரினங்களைப் பதிந்து அது பராமரிக்க வேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இதற்கு ஏற்ற கருவிகள். பதிவேட்டில் பறவைப் பெயர்களை வரிசையாக எழுதுவதோடு நிறுத்தாமல், எந்தச் சர்வே எண் நிலத்தில் எந்த மாதம் எது முட்டையிட்டது, எது இரை தேடியது என்று எழுத வேண்டும். ஆடு மேய்ப்பவர்களே இதை மற்ற எவரையும்விட நன்றாக அறிவார்கள். கண்கிலேடியின் முட்டையை மிதித்துவிடாமல் ஆட்டை விலக்கி ஓட்டுவதும் அவர்கள்தான். அவர்களுக்குப் பதிவேட்டில் இடமும் குழுவில் இருக்கையும் வேண்டும். அப்படி எழுதப்பட்ட பதிவு கையில் இருந்தால், நாளை ஒரு துறை அந்தத் தரிசில் குழி தோண்ட வரும்போது ஊராட்சியால் தேதியோடும் இடத்தோடும் பேச முடியும்.

அடிவாரத்தை ஒட்டிய புஞ்சைகளில் எலிக்கு நஞ்சு வைப்பதைக் குறைப்பதும், தெருநாய்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதும், சனவரி முதல் ஏப்ரல் வரை கூடு உள்ள பாறை முகப்பில் ஏறுவதையும் டிரோன் பறக்கவிடுவதையும் தவிர்ப்பதும் உடனே செய்யக்கூடியவை. படம் எடுக்க வருவோர் மிகுந்துவிட்ட நிலையில் கடைசியாகச் சொன்னதற்கு ஊரே விதி வகுப்பது நல்லது. கண்மாய்த் தூர்வாரும் பணிகளில் மண்ணை உள்வாய் முழுவதும் ஒரே மட்டமாகச் சுரண்டாமல், ஆழப்பகுதியில் மட்டும் எடுத்து, மேட்டு விளிம்பின் புல்லை விட்டுவைக்குமாறு மதிப்பீட்டிலேயே எழுதிவிட வேண்டும்; வேலை தொடங்கிய பின் இயந்திர ஓட்டுநரிடம் கேட்டுக்கொள்வதால் பயன் இல்லை. கணக்கெடுப்பு என்று வரும்போது, வலசைப் பறவைகளுக்காகக் குளிர்காலத்தில் கண்மாய்க்கரையில் நடத்தப்படும் கணக்கெடுப்போடு, சித்திரை வைகாசியில் கரட்டிலும் தரிசிலும் விடியற்காலையில் ஒரு கணக்கெடுப்பு சேர்க்கப்பட வேண்டும். இந்நிலத்தில் பிறக்கும் பறவைகள் எத்தனை என்பதை அந்த மாதங்களில் நடந்து பார்த்தால்தான் அறிய முடியும்.